புது ஃபிளாட்டுக்கு மரச்சாமான்: முதலில் லிஃப்டை அளங்கள்

புது வீட்டுச் சாவி கைக்கு வந்த வாரமே சோபா பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். கடையின் கூடம் ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருக்கும். அங்கே எந்த சோபாவும் அடக்கமாகத்தான் தெரியும். அதே சோபா பத்தடி ஹாலுக்குள் வந்ததும் பால்கனிக் கதவைத் திறக்க முடியாது. அதனால் கடைக்குப் போகும் முன் வீட்டை அளக்க வேண்டும், வீட்டை அளக்கும் முன் லிஃப்டை.

சென்னையில் நாலைந்து மாடிக் குடியிருப்புகளில் பரவலாக இருப்பது ஆறு பேர் லிஃப்ட். அதன் வழக்கமான உள்ளளவு 1100 மில்லிமீட்டர் அகலம், 1000 ஆழம். கதவுத் திறப்பு 700 மில்லிமீட்டர், அதாவது இருபத்தேழரை இன்ச். மூன்று பேர் உட்காரும் சோபா சாதாரணமாக 34 இன்ச் ஆழம், 32 இன்ச் உயரம் இருக்கும். நிமிர்த்தினாலும் படுக்கவைத்தாலும் அந்தக் கதவுக்குள் நுழையாது, படியில்தான் ஏற வேண்டும். மாடிக்கு இவ்வளவு என்று ஏற்றுகூலி கேட்பார்கள். முன்பணம் கொடுக்கும் முன்பே அதைப் பேசி பில்லில் எழுதி வாங்குங்கள். காலைக் கழற்ற முடிகிற சோபா என்றால் நாலைந்து இன்ச் குறையும். 'எல்' வடிவ சோபா இரண்டு துண்டாக வருமா என்றும் கேளுங்கள்.

வாசலிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்றடி நிலை என்றால் மூன்றடி வழி கிடைக்காது. இரண்டு பக்கமும் நிலைச்சட்டம் போக 31 இன்ச் மிஞ்சும், திறந்து நிற்கும் கதவின் தடிமன் அதிலும் ஒன்றரை இன்ச் எடுத்துக்கொள்ளும். டேப்பைக் கதவு திறந்த நிலையில் பிடித்து அளங்கள்.

அறை அளவுக்கு பில்டரின் பிளானை நம்பாதீர்கள். பெரும்பாலான பிளான்களில் போட்டிருப்பது பூசாத சுவருக்குச் சுவர் அளவு. இரண்டு பக்கப் பூச்சும் சேர்ந்து ஓர் இன்ச் போய்விடும். தரையோரம் ஒட்டியிருக்கும் ஸ்கர்ட்டிங் டைல் வேறு அரை இன்ச் முன்னால் நிற்கும். பீரோவைச் சுவரோடு ஒட்டி நிறுத்தப் பார்த்தால் கீழே அது இடிக்கும், மேலே ஒரு சந்து தெரியும். அந்தச் சந்தை அடைக்க நினைக்காதீர்கள். புதுக் கட்டடச் சுவரில் முதல் ஒன்றிரண்டு வருடம் ஈரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றோட்டமில்லாத பீரோவின் முதுகில் பூசணம் பூக்கும். சுவரிலிருந்து இரண்டு இன்ச் தள்ளியே வையுங்கள்.

இப்போது ஒரு பெட்ரூமைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிழக்கு மேற்காகப் பத்தடி, வடக்கு தெற்காகப் பதினொன்று. வடக்கே தலை வைக்கக் கூடாது என்பதால் கட்டிலின் தலைமாடு தெற்குச் சுவரில். 78க்கு 60 மெத்தை போட்டால் கட்டிலின் வெளியளவு சுமார் 82க்கு 64. பதினொன்றடி அறையில் பூச்சு போக 131 இன்ச். அதில் கட்டில் 82, வடக்குச் சுவரில் 24 இன்ச் ஆழ அலமாரி. நடுவில் மிஞ்சுவது 25 இன்ச். 18 இன்ச் அகலக் கதவு அதற்குள் திறக்கும். ஆனால் 18 இன்ச் டிராயரை முழுக்க இழுத்துவிட்டால் நிற்க இடமில்லை, கட்டில்மேல் உட்கார்ந்துதான் துணி எடுக்க வேண்டும். ஸ்லைடிங் கதவு போட்டால் தீரும் என்பார்கள். அதற்கு அலமாரியே 26, 27 இன்ச் ஆழம் வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். வீட்டில் யாரும் ஐந்தடி ஆறு இன்ச்சுக்கு மேல் இல்லையென்றால் 72 இன்ச் நீள மெத்தையே போதும். காலடியில் ஆறு இன்ச் கூடுதலாகக் கிடைக்கும், அறையே மாறிவிடும். அகலத்தில் ஆசைப்பட்டு 72 இன்ச் மெத்தைக்குப் போனால் இரண்டு பக்கமும் 21 இன்ச்தான். படுக்கை விரிப்பைச் செருகும்போது முட்டி சுவரில் இடிக்கும்.

காகிதத்தில் கணக்குப் போடுவதோடு நிறுத்தாமல், பழைய செய்தித்தாளைக் கட்டில் அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து அதைச் சுற்றி இரண்டு நாள் நடந்து பாருங்கள். ஏசி சுவிட்ச், பிளக் பாயின்ட் எதன் பின்னால் ஒளிகிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

பரண் இருக்கும் சுவரில் ஏழடி அலமாரி வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய. பரணின் அடிப்பக்கம் தரையிலிருந்து ஏழடி என்பார்கள். பூச்சும் டைலும் போக அது 82, 83 இன்ச்சாக இருக்கும். 78 இன்ச் உயர இரும்பு பீரோ அங்கே தாராளமாகப் போகும். 36 அகலம், 19 ஆழம் என்பதால் நடக்கவும் இடம் விடும். பழைய பாணி என்று ஒதுக்காதீர்கள். கரையானுக்கும் ஈரத்துக்கும் வாடகை வீடு மாறுவதற்கும் அதைவிடத் தோதான சாமான் கிடைப்பது அரிது.

எது எப்படிக் கெட்டுப்போகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் வீடுகளில் தினமும் இல்லாவிட்டாலும் வாரம் மூன்று முறை ஈரத்துணியால் தரை துடைக்கிறோம். குறைந்த விலையில் வரும் அலமாரி, டிவி யூனிட், படிப்பு மேஜை பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை அது. அதன் பக்கப் பலகை நேராகத் தரையில் உட்கார்ந்திருந்தால், துடைக்கும் தண்ணீர் அடியில் உள்ள எட்ஜ் பேண்டிங் (விளிம்பை மூடும் பட்டை) இல்லாத விளிம்பு வழியாக உறிஞ்சி ஏறும். ஆறு மாதத்தில் கீழ் இரண்டு இன்ச், டீயில் முக்கிய பிஸ்கட்போல உப்பிவிடும். மேலே ஒட்டிய மைக்கா விரியும். காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஆகவே கடையில் குனிந்து அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் புஷ்ஷோ இரும்புக் காலோ போட்டுத் தரையிலிருந்து தூக்கியிருக்க வேண்டும், துடைப்பக்கட்டை நுழைய ஆறு இன்ச் இருந்தால் இன்னும் நல்லது. திருகைப் பற்றியும் ஒன்று: பார்ட்டிகிள் போர்டில் ஒரு முறை கழற்றிய திருகு மறுபடி பழைய பிடி பிடிக்காது. வருடத்துக்கு ஒரு வீடு மாறுகிறவர்கள் அதைப் பெரிய சாமானுக்கு வாங்கவே கூடாது.

ஆசாரியை வைத்துச் செய்வதானால் ஐஎஸ் 303 (சாதாரண உபயோகத்துக்கான இந்தியத் தர எண்) முத்திரை பிளைவுட் பெட்ரூமுக்குப் போதும். சமையலறை சிங்க்குக்கு அடியிலும், குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரிக்கும் தண்ணீர் தாங்கும் ஐஎஸ் 710 போடுங்கள். முத்திரை பலகையின் மேலேயே அச்சிட்டிருக்கும். மைக்கா ஒட்டும் முன் நீங்களே பார்த்துவிடுங்கள், ஒட்டிய பிறகு எல்லாப் பலகையும் ஒன்றுதான். பாலிஷ் வேலையை அடைமழையில் வைக்காதீர்கள், ஈரக்காற்றில் வெள்ளை பூத்துவிடும். தேக்கில் வெளிறிய ஓரம் தெரிந்தால் அது வெள்ளைக்கட்டை; வண்டு முதலில் அரிப்பது அதைத்தான். பழைய பர்மா தேக்கு வேண்டுமென்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த நாற்காலியும் பெட்டியும் கிடைக்கும்.

சோபாவில் துணியின் நிறத்தைவிட ஃபோமின் டென்சிட்டிதான் (ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற அடர்த்தி) முக்கியம். உட்காரும் இடத்துக்கு 32க்குக் குறையக் கூடாது, 40 என்றால் நாலைந்து வருடத்தில் குழி விழாது. பில்லில் எண்ணோடு எழுதித் தரச் சொல்லுங்கள். இருக்கை உயரம் 17, 18 இன்ச். இப்போது வரும் பதினைந்து இன்ச் சோபாவில் அப்பா அம்மா உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டியிருக்கும். தோல் மாதிரி இருக்கும் செயற்கை ரெக்ஸின் கடலோர ஊர்களின் ஈரத்தில் சில வருடத்தில் செதில் செதிலாக உரியும். ஜிப் வைத்துக் கழற்றித் துவைக்கிற துணி உறைதான் நமக்குச் சரி.

டைனிங் டேபிள் நாலு பேருக்கு 48க்கு 30 இன்ச், ஆறு பேருக்கு 60க்கு 36. ஆளுக்கு 24 இன்ச், நாற்காலியின் பின்னால் ஒருவர் தட்டோடு கடந்துபோக மேஜை விளிம்பிலிருந்து சுவர்வரை 36. அந்த இடம் இல்லாவிட்டால் சுவரில் மடக்கும் பலகை போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் கிரகப்பிரவேசத்துக்கு முன்பே வாங்கிக் குவிக்க வேண்டாம். மெத்தை, கட்டில், துணி வைக்க ஒரு பீரோ, நாலு பிளாஸ்டிக் நாற்காலி போதும். ஒரு மாதம் இருந்து பார்த்தால் மதிய வெயில் எந்தச் சுவரில் விழுகிறது, எல்லோரும் எங்கே கூடி உட்காருகிறார்கள் என்பது தெரிந்துவிடும். சோபாவை அதற்குப் பிறகு ஆடித் தள்ளுபடியில் வாங்கலாம். போகும்போது லிஃப்ட் கதவு, வாசல், அறை அளவு மூன்றையும் ஒரே தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், டேப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் கட்டிலின் அட்டையில் எழுதியிருக்கும் அளவு பெரும்பாலும் மெத்தை அளவுதான், கட்டிலின் வெளியளவை நீங்களே அளந்துகொள்ள வேண்டும்.