நாற்பதுக்குப் பிறகு சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது

சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறேன் என்று சொன்னதும் பலரும் கேட்ட முதல் கேள்வி, இந்த வயதில் சேர்த்துக்கொள்வார்களா என்பதுதான். கனடாவின் பல சட்டப் பள்ளிகள் பணி அனுபவம் மிக்கவர்களுக்கெனத் தனி விண்ணப்பப் பிரிவே வைத்திருக்கின்றன. இந்தியாவில் மூன்றாண்டுப் படிப்புக்குப் பொதுப் பிரிவினருக்கு 30 வயது என்று, சட்டக் கல்வியை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் 2016-இல் மீண்டும் கொண்டுவந்த வரம்பை உச்ச நீதிமன்றம் 2017 மார்ச்சில் நிறுத்திவைத்தது. ஆகவே வயது அவ்வளவு பெரிய தடையல்ல. இத்தனை ஆண்டு வாழ்க்கையிலிருந்து எதை எடுத்து, ஏன் சட்டம் படிக்க விரும்புகிறோம் என்று விண்ணப்பத்தோடு தரும் நோக்க அறிக்கையில் எழுதுவது என்பதே உண்மையில் கடினமான வேலை.

வயதில் மூத்த விண்ணப்பதாரர்கள் பெரும்பாலும் வகித்த பதவிகளையும் பெற்ற பாராட்டுகளையும் வரிசைப்படுத்துகிறார்கள். அவை தன்விவரக் குறிப்பிலேயே இருக்கின்றன. தேர்வுக் குழு அறிய விரும்புவது, ஒரு சிக்கலைக் கண்டபோது நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்பதை.

நான் ஒரு நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் நெடுங்காலமாகக் கோப்புகளைக் கவனித்து வருகிறேன். ஒருமுறை பணிநீக்கக் கோப்பு ஒன்று என் மேசைக்கு வந்தது. குற்றச்சாட்டுக் குறிப்பாணைக்கு விளக்கம் அளிக்க அந்த ஊழியருக்கு வெள்ளிக்கிழமை வரை அவகாசம் தரப்பட்டிருந்தது. பணிநீக்க ஆணையிலோ அதற்கு முந்தைய புதன்கிழமையின் தேதி தட்டச்சாகியிருந்தது. வியாழக்கிழமை வந்து சேர்ந்த அவருடைய விளக்கக் கடிதம், உறைகூடப் பிரிக்கப்படாமல் கோப்பின் கடைசியில் கோக்கப்பட்டிருந்தது. அவர் தவறு செய்தாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் ஒருவர் தரப்பைக் கேட்காமல் அவருக்கு எதிராக முடிவெடுக்கக் கூடாது என்பது இயற்கை நீதியின் அடிப்படைக் கோட்பாடு என்பதையும், அதற்குப் பின்னால் நீண்ட தீர்ப்பு மரபு இருக்கிறது என்பதையும் நான் தேடிப் படித்தது அந்தக் கோப்புக்குப் பிறகுதான். என் அறிக்கை முழுவதும் அந்த மூன்று தேதிகளைப் பற்றியது. பதவி உயர்வுகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

நுழைவுத் தேர்வு வேறு வகைச் சோதனை. அமெரிக்க, கனடியப் பள்ளிகள் பல கேட்கும் எல்சாட் தேர்விலிருந்து லாஜிக் கேம்ஸ் எனப்பட்ட தருக்கப் புதிர்ப் பகுதி 2024 ஆகஸ்டு முதல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது வாதங்களை ஆராயும் பகுதிகளும் வாசிப்புப் புரிதலும்தான், பகுதிக்கு 35 நிமிடம். பழைய பயிற்சி நூல்களை வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். நாள் முழுவதும் ஆவணங்களுடன் பழகியவர்களுக்கு இது சாதகம் என்று தோன்றும், ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அலுவலகத்தில் நாம் முடிவைத் தேடித்தான் படிக்கிறோம். தேர்வோ அந்த முடிவு எந்தச் சொல்லப்படாத அனுமானத்தின் மேல் நிற்கிறது என்று கேட்கிறது. அந்த வாசிப்பு நேரம் வைத்துப் பழகினால்தான் வரும்.

பரிந்துரைக் கடிதத்துக்குப் பழைய பேராசிரியர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. கல்லூரியை விட்டு நெடுங்காலம் ஆனவர்களிடம் மேலதிகாரிகளின் கடிதத்தையே பல பள்ளிகள் ஏற்கின்றன. பெரிய பதவியில் இருப்பவரைவிட, உங்கள் எழுத்தைத் திருத்தியவரும் உங்களோடு வாதிட்டவருமே பயனுள்ள கடிதம் தருவார். பழைய மதிப்பெண் சான்றிதழ்களுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

வேலையை விடாமல் படிக்க நினைப்பவர்கள், பட்டம் கிடைக்குமா என்பதோடு அந்தப் பட்டத்தை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியுமா என்பதையும் விசாரிக்க வேண்டும். இந்தியாவில் தொலைநிலைக் கல்வி வழியாகப் பெறும் சட்டப் பட்டம் அதற்குச் செல்லாது. மாலை வகுப்பு, பகுதிநேரம் என்று விளம்பரப்படுத்தப்படும் படிப்பு எதுவானாலும், கட்டணம் செலுத்துவதற்கு முன்பே இந்தக் கேள்விக்கான பதிலைச் சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கி, பதிவு செய்யும் அமைப்பின் விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.