திரும்பி நீந்திய நீர்நாய்கள்

“அங்கதான் நிறைய சாப்பாடு இருந்துச்சே, அப்புறம் ஏம்மா திரும்பிப் போச்சு?”

கலிபோர்னியாவின் மாஸ் லாண்டிங் துறைமுகத்தில் என் மகள் இப்படிக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. கடல் நீர்நாய்களைக் காட்டிக்கொண்டிருந்த பெரியவர் அப்போதுதான் சான் நிக்கோலஸ் தீவுக் கதையைச் சொல்லி முடித்திருந்தார். ஊரிலிருந்து சித்தப்பாவும் போனில் இதையேதான் கேட்டார்: “அங்கதான் எல்லாம் இருக்கேம்மா, இன்னும் என்ன கும்பகோணம் கும்பகோணம்னு?”

ரோமத்துக்காக வேட்டையாடி, கலிபோர்னியாவில் கடல் நீர்நாய் இனத்தையே ஏறக்குறைய முடித்துவிட்டார்கள். 1938ல் பிக் சர் கடற்கரைப் பக்கம் சுமார் 50 கண்ணில் பட்டன. இன்று இந்தக் கரையில் மிதப்பவை எல்லாம் மிஞ்சிய அந்தச் சிறு கூட்டத்தின் வாரிசுகள். எல்லாமே ஒரே கரையோரத்தில் இருந்ததால், ஒரு எண்ணெய்க் கப்பல் உடைந்தால் மொத்தமும் போய்விடும் என்ற பயம். அதனால் 1987 முதல் 1990 வரை 140 நீர்நாய்களைப் பிடித்துத் தெற்கே, கரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சான் நிக்கோலஸ் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். நண்டுக்கும் சிப்பிக்கும் அங்கே பஞ்சமில்லை.

பெரும்பாலானவை தங்கவில்லை. குறைந்தது 36, திறந்த கடலைத் தாண்டித் தங்கள் பழைய கரைக்கே போய்ச் சேர்ந்தன. போகும்போது கூண்டுக்குள் இருந்தவை, வழியை எங்கே பார்த்திருக்கும்? இதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. என்ன ஞாபகம் அது!

எனக்கும் இங்கே பழகிவிட்டது. வலப்பக்கம் வண்டி ஓட்டுகிறேன், குளிரில் தயிர் உறையவைக்கவும் வழி கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் இருட்டில் ஸ்விட்சைத் தொட்டால் கை கீழேதான் அமுக்குகிறது. இங்கே மேலே தள்ளினால்தான் விளக்கு எரியும். எங்கள் வீட்டில் கரண்ட் போனால் யாரும் தடவித் தேட மாட்டோம். தீப்பெட்டி சாமி மாடத்தில் இடது ஓரம், சிம்னி விளக்கு அரிசி டின்னுக்குப் பின்னால். கூடத்துத் தூணில் ஒருநாளும் இடித்துக்கொண்டதில்லை. அப்பாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

இதற்கும் ஓர் ஆராய்ச்சி இருக்கிறது. 2011ல் வெளியானது. இரையை எங்கே வைத்தார்கள் என்று நினைவில் வைத்துத் தேடும் சோதனையை பாண்டாக்களுக்கும் ஆசியச் சிறுநக நீர்நாய்களுக்கும் வைத்தார்கள். பாண்டாக்களில் ஆண்கள் முந்தின, ஏனென்றால் பல பெண்களின் எல்லைகளைச் சுற்றித் திரிய வேண்டியவை அவைதான். நீர்நாய்களில் அந்த வித்தியாசமே இல்லை. ஆணும் பெண்ணும் ஜோடியாக ஒரே எல்லையில் குடித்தனம் செய்வதால், அந்த இடம் இரண்டுக்கும் ஒன்றுபோல் மனப்பாடம். படித்ததும் அம்மாவுக்கு போன் செய்து சொன்னேன். “உங்கப்பாவுக்கு மாடம் மட்டும்தான் தெரியும், கடுகு டப்பா எங்கேன்னு கேட்டுப் பாரு” என்று சிரித்தாள்.

கடல் நீர்நாய்த் தாயும் குட்டிக்குத் தன் சாப்பாட்டைத்தான் பழக்குகிறது. நண்டு தின்னும் தாயின் குட்டி நண்டுக்குப் போகும், நத்தையைக் கல்லில் அடித்து உடைக்கும் தாயின் குட்டி கல்லைத் தேடும். நான் வத்தக்குழம்புக்குச் சுண்டைக்காய் தேடி மூன்று ஊர்க் கடைகள் ஏறி இறங்கினேனே, அதை இனிமேல் யாரும் பிடிவாதம் என்று சொல்லக் கூடாது.

தீவில் ஒரு டஜன் போலத்தான் மிஞ்சின. திட்டம் தோற்றுவிட்டது என்று 2012ல் கைவிட்டார்கள். ஆனால் அந்தக் கொஞ்சம் பெருகி இன்று 100ஐத் தாண்டிவிட்டது. அங்கே பிறந்த குட்டிகளுக்கு அந்தப் பாறைகள்தான் ஊர். அவற்றைப் பிடித்து இந்தக் கரையில் விட்டால் தீவைப் பார்த்துத்தான் நீந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. என் மகளும் சான் ஹோசேயில் பிறந்தவள். அவளுக்கு இந்தக் கோடையில் டிக்கெட் போட்டாயிற்று. மகாமகக் குளத்தின் நாலு கரை, கும்பேஸ்வரர் கோயில், பெரிய கடைத் தெரு, அங்கிருந்து காவிரிப் படித்துறை. ஆட்டோ கிடையாது, எல்லாம் நடைதான், தினமும்.