எட்டு வயசுப் பிள்ளையா காவல் நிற்பது?

மே மாதக் கடைசியில் தென்னாப்பிரிக்காவில் குழந்தைப் பாதுகாப்பு வாரம் வரும். குழந்தைப் பாதுகாப்பு வேலை செய்கிற என்னை அதற்கு வெகு முன்பிருந்தே, டர்பனில் இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் வாழும் சாட்ஸ்வர்த்தின் பள்ளிக்கூடங்கள் அழைக்கத் தொடங்கிவிடும். "மேடம், வந்து நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் சொல்லிக்கொடுங்க." போகிறேன். பச்சை ரிப்பன் குத்திக்கொண்டு, பொம்மையும் படமும் எடுத்துக்கொண்டு போகிறேன். பிள்ளைகள் "வேண்டாம்னு சொல்லு! ஓடு! பெரியவங்ககிட்ட சொல்லு!" என்று கூரை அதிரக் கத்துவார்கள். பிறகு டீயும் சமோசாவும்.

பிள்ளைக்குத் தன் உடம்பில் எதற்கு என்ன பெயர் என்று தெரிந்திருப்பது நல்லதுதான். நாளை ஏதாவது நடந்தால் வாய்விட்டுச் சொல்ல வரும். ஆனால் "வேண்டாம்" என்பதை அது யாரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தினமும் பள்ளிக்கு ஏற்றிப்போகிற வண்டிக்காரரிடம். தீபாவளிக்கு உடுப்பு எடுத்துக் கொடுக்கிற மாமாவிடம். வீட்டுக் கரண்டுக்குக் காசு கட்டுகிறவரிடம். எட்டு வயசுப் பிள்ளையை வாசலில் காவலுக்கு நிறுத்திவிட்டு நாம் உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறோம்.

அதிலும் பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேசாதே என்று செருப்பால் அடித்து வளர்த்த பிள்ளையிடம் இதை எதிர்பார்க்கிறோம். வீட்டில் அடிப்பதை "நியாயமான கண்டிப்பு" என்று சொல்லித் தப்பிக்க முடியாது என அரசியல் சாசன நீதிமன்றம் 2019 செப்டம்பர் 18ல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. எங்கள் தெருவில் சில பெரியம்மாக்கள் அதற்காக இன்னும் என்னோடு சண்டை போடுகிறார்கள்.

ஒரு வீட்டுக்குப் போனால் "இங்கே யாராவது தப்பானவங்க இருக்காங்களா" என்று நான் கேட்பதில்லை. யார் ஆமாம் என்பார்கள்? பள்ளி விட்டதிலிருந்து அம்மா வேலை முடிந்து வரும்வரை பிள்ளை யாரோடு இருக்கிறது, பல வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து ஏற்றிப்போகிற லிஃப்ட் கிளப் வண்டியில் கடைசியாக இறங்குவது யார், டிசம்பர் விடுமுறைக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் பிள்ளை எங்கே படுக்கிறது, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அவுட்பில்டிங்கில் யார் குடியிருக்கிறார், அவரிடம் சமையலறைச் சாவி இருக்கிறதா. இவ்வளவுதான் கேட்பேன். சாட்ஸ்வர்த்தை அறிந்தவர்களுக்கு அந்தக் கடைசிக் கேள்வி ஏன் என்று புரியும். நிறவெறிக் காலத்து இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் விரட்டப்பட்டவர்களுக்கென்று 1960களில் கவுன்சில் கட்டின சின்ன வீடுகள் இவை. பின்னால் ஓர் அறை எழுப்பி வாடகைக்கு விட்டால்தான் பல வீடுகளில் மாதம் ஓடுகிறது.

அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒன்று சொல்கிறேன். அம்மா சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் இருக்கிறாள். அப்பா சுகர்ஸ் பழக்கத்தில் வீட்டை விட்டுப் போனவன் (ஹெராயினில் கண்டதையும் கலந்து மலிவாக விற்கிறார்களே, அதுதான்). பின்னறையில் வாடகைக்கு ஒருவர். நல்லவராகத்தான் பேசுவார். பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தருவார், சாக்லேட் வாங்கி வருவார், அம்மா வேலைக்குக் கிளம்பிய பிறகு. அவளுக்கு மனசு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. இரவில் பிள்ளையைத் தன் பக்கத்தில் போட்டுக் கதவைப் பூட்டிக்கொள்வாளாம். போகச் சொல்ல வேண்டியதுதானே என்றால், அந்த வாடகை இல்லாமல் அரிசி இல்லை.

அங்கே பிள்ளைக்குப் பாடம் எடுத்து என்ன பயன்? அரசு உதவித்தொகை தரும் சாசா அலுவலகத்தில் குழந்தை உதவித்தொகைக்கு எழுதிப்போட்டோம். வேலையில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது என்று யாரோ சொன்னதை நம்பி அவள் அதுவரை கேட்கவே இல்லை. வருமான வரம்புக்குள் இருந்தால் வேலை செய்கிறவளுக்கும் உண்டு, பிள்ளைக்குப் 18 வயது ஆகும்வரை. பள்ளி விட்டபின் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று பிடித்தோம். மாதக் கடைசியில் அந்த ஆள் வேறு இடம் பார்த்துப் போனார். வழக்கில்லை, பேப்பரில் செய்தியில்லை, பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. என் மாத அறிக்கையில் இதை எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது. எத்தனை பேரை மீட்டீர்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

நடந்தே விட்டால் நம் குடும்பங்கள் செய்வது வேறு. பெரியவர்கள் கூடுவார்கள். கற்பூரம் ஏற்றி, தப்புச் செய்தவனைச் சத்தியம் பண்ண வைப்பார்கள். பிறகு அவனை ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று நான் கேட்டால் அறை அமைதியாகிவிடும். பிள்ளைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஐந்து வருஷம்வரை உள்ளே போகலாம் என்பதை அந்தக் கூட்டத்தில் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு சில வீடுகளில் எனக்குக் கல்யாணப் பத்திரிகை வருவதில்லை.

சந்தேகம் வந்தால் தெரிவிக்கும் கடமை கோயில் குருக்களுக்கும் உண்டு. 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 110ஆம் பிரிவில் டாக்டர், நர்ஸ், ஆசிரியரோடு மதத் தலைவரையும் சேர்த்திருக்கிறார்கள். ஒரு குருக்கள் என்னிடம், "நம்பி வந்து சொன்னதை நான் எப்படிம்மா வெளியே சொல்றது?" என்றார். "சாமி, நிரூபிக்க வேண்டியது உங்க வேலை இல்லை. சந்தேகத்துக்கு நியாயமான காரணம் இருந்தா போதும். அதைத் தெரிவிக்கப் படிவம் 22 இருக்கு. நல்லெண்ணத்தோட சொன்னா உங்க மேல நஷ்டஈடு கேட்டு யாரும் கேஸ் போட முடியாது" என்றேன். படிவத்தை வாங்கி மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொண்டார்.

கோயிலில் நாட்டியம், மேளம், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எல்லாம் நடக்கிறது. சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லாரும் படிவம் 30 போட வேண்டும் என்று கமிட்டியில் கேட்டேன். பிள்ளைகளோடு வேலை செய்யத் தகுதியற்றவர்கள் என்று தீர்மானிக்கப்பட்டவர்களின் தேசியப் பதிவேட்டில் நம் பெயர் இல்லை என்று காட்டுவது அது. தலைவர் பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்தனையோ வருஷமா மேளம் சொல்லிக்கொடுக்கிற மனுஷனைப் போய்ச் சந்தேகப்படுறியா?"

"அவரை மட்டும் கேக்கலை, பெரியப்பா. முதல் படிவம் என்னோடது. ரெண்டாவது உங்களோடது."

முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஆனால் உள்ளதைச் சொன்னால், ஏற்கெனவே பிடிபட்டவர்கள்தான் அந்தப் பதிவேட்டில் இருப்பார்கள். அதைவிட நான் நம்புவது கமிட்டி அன்றைக்கு எழுதிவைத்த மற்ற விதிகளை. வகுப்பில் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், காவடி ஒத்திகை முடிந்து ஒரு பிள்ளையைத் தனியாக யாரும் காரில் ஏற்றிப்போகக் கூடாது.

தாய்மார்கள் வாயைத் திறக்காததற்கு இன்னொரு காரணம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். பயப்படக் காரணமும் இருக்கிறது. ஆனால் அதே குழந்தைகள் சட்டத்தின் 153ஆம் பிரிவில் இன்னொரு வழி உண்டு. பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும், சந்தேகத்துக்குரிய ஆள் வெளியேறட்டும் என்று போலீஸ்காரர் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்கலாம். பிறகு அவன் குழந்தைகள் நீதிமன்றத்தில் வந்து நிற்க வேண்டும். ஸ்டேஷன் கவுண்டரில் இருப்பவருக்கு இது தெரியாமலும் இருக்கும், அதனால் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் காரில் வைத்திருக்கிறேன். ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் "153" என்று எண்ணைச் சொல்லியே கேளுங்கள். பாலியல் வன்முறை என்றால் பிள்ளையைக் குளிப்பாட்டாமல், உடுப்பை மாற்றாமல் நேரே ஆர். கே. கான் மருத்துவமனையின் துதுஸேலா மையத்துக்குக் கூட்டிப்போங்கள். வைத்தியம், ஆறுதல், போலீஸ் வாக்குமூலம் மூன்றும் ஒரே இடத்தில் நடக்கும். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் சைல்ட்லைன் என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி, எண் 116. காசு ஆகாது, பிள்ளைகளே கூப்பிடலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.