குடி நின்ற மூன்றாம் நாள்: வார்டில் கேட்க வேண்டிய தமிழ்

குடிக்காக யாரும் கோலாலம்பூர் ஆஸ்பத்திரி வார்டில் வந்து படுப்பதில்லை. செந்தூலிலிருந்து கால் முறிந்து வருவார், பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து டெங்கியோடு வருவார். படுத்ததும் குடி நின்றுவிடும். கடைசி மடக்கு இறங்கி ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். ஆளையே கொல்லக்கூடிய டெலிரியம் (கடும் மனக்குழப்பம், இல்லாதது தெரிவது) அதற்குப் பிறகு, 96 மணி நேரம் வரை.

மனைவி பக்கத்தில் நிற்கும்போது "குடிப்பீங்களா?" என்றால் "எப்பவாச்சும்" என்றுதான் பதில் வரும். தனியாகக் கேளுங்கள்: "அண்ணே, கடைசியா எப்ப குடிச்சீங்க? பீரா, சம்சுவா? எத்தனை போத்தல்?" 5 சதவீத பீர், 320 மில்லி கேனில் சுமார் 13 கிராம் ஆல்கஹால். சம்சு என்ற மலிவுச் சாராயத்தின் 150 மில்லி போத்தலில் 40 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால் 47 கிராம். "சின்ன போத்தல்தான் டாக்டர்" என்பதை நம்பி விட்டுவிடாதீர்கள். பார்வை மங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் கலப்படச் சாராயத்தில் இருக்கும் விஷமான மெத்தனாலை நினையுங்கள். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கலப்பட மதுவால் பலர் இறந்தார்கள்.

பயிற்சி மருத்துவர்கள் அதிகம் தவறுவது சீவா (CIWA-Ar) அளவுகோலில், அதாவது குடி நின்றதால் வரும் கோளாறு எவ்வளவு கடுமை என்று மதிப்பெண் போடும் தாளில். மொத்தம் 10 அம்சம், 67 மதிப்பெண். நடுக்கம், வியர்வை, அமைதியின்மை மூன்றும் பார்த்தாலே தெரியும். குமட்டல், பதற்றம், தலைவலி, தோலில் ஊர்வது, காதில் கேட்பது, கண்ணில் தெரிவது, நாள் இடம் அறிவது ஆகிய ஏழையும் கேட்டே ஆக வேண்டும். மலாய் சரளமாக வராத பெரியவர் மிஸ்ஸி (நர்ஸ்) கேட்பதற்கெல்லாம் "இல்லை" என்று தலையாட்டுவார். தாளில் 5 விழும். 8 தாண்டினால்தான் மருந்து என்று வைத்திருக்கும் வார்டில் அன்றிரவு நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் டயசிபாம் கிடைக்காது. "வயித்தப் பிரட்டுதா? மேலே பூச்சி ஊருற மாதிரி இருக்கா? செவத்துல ஏதாச்சும் தெரியுதா?" என்று கேட்டுப் பாருங்கள், அதே ஆளுக்கு 14 வரலாம். இதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை, தொடங்க இந்த மூன்று வரி போதும்; மீதி நான்கையும் இதே மாதிரி கேளுங்கள். ஒவ்வொரு வார்டிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்பேன்.

கல்லீரல் கெட்டிருந்தால் டயசிபாமுக்குப் பதில் லோராசெபாம். கலவரப்படுபவரைக் கட்டிப்போட்டு, மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடோல் மட்டும் போடுவது ஆபத்து: நோய் அப்படியே இருக்க, வலிப்பு வரும் வாய்ப்பு கூடும்.

தையமினை (வைட்டமின் பி1) குளுக்கோஸுக்கு முன்போ, கூடவோ கொடுங்கள். குடிப்பவரின் குடல் மாத்திரையைச் சரியாக உறிஞ்சாது. குழப்பம், தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு, இவற்றில் ஒன்று இருந்தாலே வெர்னிக்கேயை (தையமின் குறைவால் வரும் மூளைப் பாதிப்பு) சந்தேகித்து 500 மில்லிகிராம் நரம்பு வழியாக, நாளுக்கு மூன்று வேளை. மூன்றும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருந்தால் ஞாபகம் திரும்பாமலே போகலாம். மக்னீசியம் குறைவாக இருந்தால் தையமின் சரியாக வேலை செய்யாது, அதையும் பாருங்கள்.

கால் முறிந்தவருக்கு வலிக்கு டிராமடோல் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் வலிப்பைத் தூண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது குடியைத் தடுக்க நால்ட்ரெக்ஸோன் எழுத நினைத்தால், டிராமடோல் நின்று 7 முதல் 10 நாள் ஆகியிருக்க வேண்டும்; டிராமடோல் ஓபியாய்டு வகை, நால்ட்ரெக்ஸோன் அந்த வகையைத் தடுக்கும் மருந்து.