99 கவுண்டிகளும் ஒரு பாலக்காட்டுப் பையனும்

"பொங்கலும் அதுவுமா வீட்டுல இல்லாம எங்கடா போற?" என்று அம்மா போனில் கேட்டாள்.

"அயோவாவுக்கும்மா. எலெக்‌ஷன் பார்க்க."

"அந்தப் பாலக்காட்டுப் பையன் நிக்கறானே, அதுவா? ஜெயிச்சுடுவானா?"

அம்மாவின் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் அந்த வாரம் அந்த வீடியோதான் ஓடிக்கொண்டிருந்தது. வேலூரிலிருந்து வந்த ஒருவர் கூட்டத்தில் எழுந்து பேச, விவேக் ராமசாமி தனக்கும் தமிழ் தெரியும் என்று தமிழிலேயே பதில் சொல்கிறார். பெற்றோர் பாலக்காடு வடக்கஞ்சேரி, இவர் பிறந்தது ஒஹாயோவின் சின்சினாட்டி, அப்போது வயது 38. மருந்து கம்பெனி தொடங்கிக் கோடீஸ்வரர் ஆனவர், குடியரசுக் கட்சி சார்பில் அமெரிக்க ஜனாதிபதியாக வேண்டும் என்றார். அம்மாவுக்கு அது போதும். எனக்கு அவ்வளவு எளிதாக இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

2024 ஜனவரி 15, திங்கள்கிழமை. அன்றைக்குத்தான் பொங்கல், அன்றைக்குத்தான் மார்ட்டின் லூதர் கிங் நாள் விடுமுறை, அன்று இரவுதான் அயோவா காகஸ், அதாவது கட்சிக்காரர்கள் ஊருக்கு ஊர் கூடி ஜனாதிபதி வேட்பாளருக்கு ஓட்டுப் போடும் கூட்டம். சிகாகோ பக்கத்து நேப்பர்வில்லில் இருக்கும் எனக்கு அயோவாவின் தலைநகர் டி மொய்ன் ஐந்து மணி நேரப் பயணம். வெள்ளிக்கிழமை அடித்த பனிப்புயலில் சாலைகள் மூடிக் கிடந்ததால் சனிக்கிழமை கிளம்பவில்லை. ஞாயிறு விடியற்காலையில், பால் பொங்குவதைப் பார்க்காமலே இன்டர்ஸ்டேட் 80-ஐப் பிடித்தேன். மனைவி ஒரு டப்பாவில் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள். கோபத்தில் கொடுத்தாளா அன்பில் கொடுத்தாளா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை.

மிசிசிப்பியைத் தாண்டினால் அயோவா. கொஞ்ச தூரத்தில் வால்காட் என்ற ஊரில் உலகத்திலேயே பெரிய டிரக் ஸ்டாப் என்று போர்டு வைத்த இடம் வரும். அங்கே டீசல் வாசனையோடு ஒரு காபி. அதன் பிறகு ஒன்றுமே இல்லை. வெள்ளை வயல், வெள்ளை வானம், நடுவில் காற்றாலைகள். அயோவாவின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றில் வருகிறது. 32 லட்சம் மனிதர்கள், 2 கோடிக்கும் மேல் பன்றிகள். வெயில் காலத்தில் வந்திருந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் சோளம் நின்றிருக்கும். இப்போது அறுத்த தட்டையின் முனை மட்டும் பனிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது, மூன்று நாள் தாடி மாதிரி.

இந்த ஊரை வைத்துத்தான் அமெரிக்கா தன் ஜனாதிபதித் தேர்தலைத் தொடங்குகிறது. வேட்பாளரை முடிவு செய்யும் குடியரசுக் கட்சி மாநாட்டின் 2,429 பிரதிநிதிகளில் அயோவாவின் பங்கு 40 தான். கணக்குப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் 1972-லிருந்து வரிசையில் முதலில் நிற்கிறது. முதலில் நிற்பவன் சொல்வதுதான் காதில் விழும். யாருக்குமே பெயர் தெரியாத வேட்பாளருக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது என்பார்கள். காரணம் ஜிம்மி கார்ட்டர். ஜார்ஜியாவின் முன்னாள் கவர்னர், கடலை விவசாயி. "ஜிம்மியா, எந்த ஜிம்மி?" என்று கேட்ட ஊரில் ஆதரவாளர்கள் வீட்டிலேயே தங்கி, காலையில் படுக்கையைத் தானே மடித்து வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனவர். 1976-இல் இங்கே அவர் உண்மையில் முதலிடம் வரவில்லை. 'யாருக்கும் உறுதியில்லை' என்ற கணக்குக்கு 37 சதவீதம், கார்ட்டருக்கு 28 சதவீதத்தை ஒட்டி. ஆனால் பெயருள்ள மனிதர்களில் அவர்தான் முதல். பத்திரிகைகள் அவரைத்தான் எழுதின. அடுத்து ஓட்டுப் போடும் நியூ ஹாம்ப்ஷயர், அப்புறம் வெள்ளை மாளிகை.

அன்றிலிருந்து, சின்ன வேட்பாளர் இங்கே ஜெயிக்க வேண்டியதுகூட இல்லை, மற்றவர்கள் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூட வாங்கினால் போதும் என்று ஆகிவிட்டது. அதற்கான வழியாகச் சொல்லப்படுவது ஒன்றுதான்: மாநிலத்தின் 99 கவுண்டிகளுக்கும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) போ. இங்குள்ள செனட்டர் சக் கிராஸ்லி வருடம் தவறாமல் 99-க்கும் போய் வருபவர் என்பதால் அதற்கு 'ஃபுல் கிராஸ்லி' என்றே பெயர். விவேக் அதை இரண்டு தடவை செய்து முடித்திருந்தார். டி மொய்னில் வாடகைக்கு ஒரு அபார்ட்மென்ட்டே எடுத்துத் தங்கினார். புயலில் மற்றவர்கள் கூட்டங்களை ரத்து செய்தபோதும் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மதியம், ஒரு சின்ன ஊர் உணவகத்தின் பின்னறையில் அவரைப் பார்த்தேன். நாற்காலிகளை எண்ணினேன்: நாற்பது சொச்சம். நம் ஊரில் ஒரு வார்டு கவுன்சிலர் கூட்டத்துக்கே இதைவிட ஆள் வரும். ஆனால் இங்கே இது நல்ல கூட்டம். வெளியே நின்றால் மூக்குக்குள் முடி உறைகிற குளிர். வாசலில் எல்லோரும் பூட்ஸைத் தட்டித் தட்டிப் பனியை உதிர்த்ததில் தரை முழுக்கச் சேறு. வறுத்த வெங்காயமும் ஈரக் கம்பளியும் கலந்த வாசனை. வேட்பாளர் சைவம். அந்த அறையில் சைவமாக இருந்தது அவரும் நானும் ஊறுகாய் பாட்டிலும்தான் என்று நினைக்கிறேன்.

பேச்சு வேகம். பெயரை 'கேக்' மாதிரி சொல்ல வேண்டும் என்று வெள்ளைக்காரர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்திருந்தார். விவேக் என்றதும் நமக்கு வேறொருவர் முகம் நினைவுக்கு வருவதை அவர்களிடம் எப்படிச் சொல்வது? கடவுள் உண்மை, பாலினம் இரண்டு, மனிதகுலம் செழிக்க நிலக்கரியும் எண்ணெயும் வேண்டும் என்று அவருடைய பத்து உண்மைகள் அடுக்கடுக்காக வந்தன. வழியெல்லாம் காற்றாலை பார்த்துக்கொண்டு வந்தவனுக்குக் கடைசி வரி கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. ஆனால் உள்ளூர் விஷயத்தையும் கெட்டியாகப் பிடித்திருந்தார்: எத்தனால் ஆலைகளின் கரியமில வாயுவைக் கொண்டுபோகும் குழாய்க்காக விவசாயிகள் நிலத்தைக் கட்டாயமாக எடுக்கக் கூடாது என்கிறார். அப்போதுதான் பின்வரிசையில் கை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை அவிழ்த்தார்கள்.

சரி, என் பிரச்சினைக்கு வருகிறேன். நான் எச்-1பி விசாவில் இருப்பவன். அந்த விசாவைக் கொத்தடிமை முறை என்றும், லாட்டரியை ஒழிக்க வேண்டும் என்றும் சொன்னவர் இவர். இவருடைய பழைய கம்பெனிக்கு அதே விசாவில் ஆள் எடுக்க 29 முறை அனுமதி கிடைத்ததையும் பத்திரிகையில் படித்திருக்கிறேன். கொத்தடிமை என்பதில் பாதி உண்மை இருக்கிறது, என் மேனேஜரைக் கேட்டால் சிரிப்பார். இருந்தாலும் என் அடுப்பில் தண்ணீர் ஊற்றப் போகிறவருக்கு நான் கைதட்டுவதா? தட்டினேன். தமிழ் பேசுகிறவன் ஒருவன் அயோவா விவசாயிகள் முன்னால் நின்று "நான் உங்கள் ஜனாதிபதி ஆவேன்" என்கிறபோது கை தானாகப் போய்விடுகிறது. அது வெட்கமா பெருமையா என்று காரில் ஏறிய பிறகுதான் யோசித்தேன்.

பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற விவசாயி ஒருவர். தொப்பியில் விதைக் கம்பெனிப் பெயர், நகக்கண்ணில் கிரீஸ். மூன்றாவது தடவையாக விவேக்கைப் பார்க்கிறாராம்.

"கெட்டிக்காரப் பையன். இந்தக் கூட்டத்தில் இவ்வளவு தெளிவாக யாரும் பேசவில்லை."

"அப்போ நாளைக்கு இவருக்குத்தானா?"

அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "நாளைக்கு டிரம்ப்புக்கு. இவரே அவரைத்தானே இந்த நூற்றாண்டின் சிறந்த ஜனாதிபதி என்கிறார்? அசல் இருக்கும்போது எதற்கு நகல்?"

ஐந்து மணி நேரம் ஓட்டி வந்ததற்கு இந்த ஒரு வாக்கியமே போதும் என்று தோன்றியது. கார்ட்டர் காலத்தில் யாரும் யாருக்கும் தெரியாதவர்கள். வீட்டுத் திண்ணைக்கு முதலில் வந்தவனுக்கு மரியாதை. இப்போது எதிரில் நிற்பவர் ஏற்கெனவே ஒரு முறை நாட்டை ஆண்டவர். அவரை எதிர்த்துப் பேசினால் கட்சிக்காரன் கோபிப்பான், புகழ்ந்து பேசினால் அவருக்கே ஓட்டுப் போட்டுவிடுவான். விவேக் புகழ்வது என்று முடிவெடுத்தார். அவருடைய ஆட்கள் 'டிரம்ப்பைக் காப்பாற்றுங்கள், விவேக்குக்கு ஓட்டுப் போடுங்கள்' என்று டி-ஷர்ட் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அதைப் பார்த்த டிரம்ப் சனிக்கிழமை, விவேக்குக்குப் போடும் ஓட்டு எதிராளிக்குப் போடும் ஓட்டு என்று எழுதிவிட்டார். அதற்கும் விவேக் திருப்பி அடிக்கவில்லை.

திங்கள் மாலை, வெப்பநிலை மைனஸ் 20 செல்சியஸ் அருகே, காற்றோடு சேர்த்தால் இன்னும் மோசம். அயோவா காகஸ் வரலாற்றிலேயே இவ்வளவு குளிர் இருந்ததில்லை. டிரம்ப் முந்தின நாள் கூட்டத்தில், ஓட்டுப் போட்டுவிட்டுச் செத்துப்போனாலும் பரவாயில்லை, அது தகும் என்று சொல்லியிருந்தார். விளையாட்டாகத்தான். ஆனால் வாக்கிங் ஸ்டிக்கோடு வந்த ஒரு பாட்டியைப் பள்ளி வாசலில் பார்த்தபோது அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தது.

டி மொய்னின் மேற்குப் புறநகரில் ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடம். பார்வையாளனாக ஓரத்தில் நிற்க அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். காகஸ் என்பது நம் ஊர் பூத் மாதிரி இல்லை. போனோம், மை வைத்தார்கள், வந்தோம் என்று முடியாது. ஏழு மணிக்கு எல்லோரும் உட்கார வேண்டும். கொடி வணக்கம், கூட்டத் தலைவர் தேர்வு, அப்புறம் ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் யாராவது ஓரிரு நிமிடம் பேசலாம். அதன் பிறகு வெற்றுத் துண்டுத்தாளில் பெயரை எழுதிக் கொடுக்க வேண்டும். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் முன்பெல்லாம் மூலைக்கு மூலை போய் நின்று தலையெண்ணிக்கை நடத்துவார்கள். 2020-இல் அவர்களுடைய செயலி சொதப்பி முடிவு வராமல் நாறிப்போனது. இந்த முறை அவர்கள் ஓட்டைத் தபாலுக்கு மாற்றிவிட்டார்கள்.

அயோவா முழுக்க இப்படி 1,600-க்கும் மேற்பட்ட இடங்கள். ஒவ்வொன்றிலும் எழுந்து பேச ஒரு ஆள் வேண்டும். எங்கள் கூடத்தில் விவேக்குக்காக எழுந்தது ஒரு கல்லூரிப் பையன். அப்பாவின் கோட் போல இருந்தது, தோளில் நிற்கவில்லை. கையில் மடித்த தாள், தாள் நடுங்கியது. அவன் இரண்டாவது பத்தியில் இருந்தபோது எங்கோ ஒரு போன் அதிர்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. மணி 7.31. அயோவாவில் டிரம்ப் வெற்றி என்று அசோசியேட்டட் பிரஸ் அறிவித்துவிட்டது. எங்கள் கூடத்தில் இன்னும் துண்டுத்தாளே கொடுக்கவில்லை.

யாரோ சிரித்தார்கள், யாரோ கைதட்டினார்கள். பையன் தனக்குத்தான் கைதட்டுகிறார்கள் என்று ஒரு விநாடி நினைத்தான். முகத்தில் தெரிந்தது. அப்புறம் முன்வரிசையில் ஒருவர் போனைத் தூக்கிக் காட்டினார். அவன் பார்த்தான், எச்சில் விழுங்கினான், விட்ட வரியிலிருந்து மறுபடியும் படித்து முடித்தான். அந்த இரவில் எனக்குப் பிடித்த அரசியல்வாதி அவன்தான்.

துண்டுத்தாள்களைப் பாப்கார்ன் வாளியில் வாங்கி, மேஜையில் கொட்டிப் பிரித்தார்கள். நான்கு குவியல். மூன்று பருமனாக வளர்ந்தன. நான்காவது, எதிர்க்காற்றில் பறந்துவிடாமல் இருக்க ஒரு ஸ்டேப்ளரை மேலே வைக்கிற அளவு.

மாநிலம் முழுக்க இதே கதைதான். டிரம்ப் 51 சதவீதம், ஃபுளோரிடா கவர்னராக இருந்த ரான் டிசாண்டிஸ் 21, தென் கரோலினாவின் முன்னாள் கவர்னர் நிக்கி ஹேலி 19, விவேக் 7.7. ஓட்டுக் கணக்கில் சுமார் 8,450. கவுண்டிக்கு 85 ஓட்டு. இரண்டு தடவை போனதைக் கணக்கில் வைத்தால் ஒரு பயணத்துக்கு 43. நம் ஊர்க் கணக்கில் டெபாசிட் காலி. ஆனால் அவரை மட்டும் சொல்லக் கூடாது. டிசாண்டிஸும் 99 கவுண்டிகளைச் சுற்றியவர்தான், அயோவா கவர்னரின் ஆதரவு வேறு. அவர் ஒரு கவுண்டியில்கூட முதலிடம் வரவில்லை. ஆளைப் பார்க்க வீடு வீடாகப் போகாத டிரம்ப் 98 கவுண்டிகளில் ஜெயித்தார்; பல்கலைக்கழக ஊரான ஜான்சன் கவுண்டியில் மட்டும் ஹேலியிடம் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். ஆர்கன்சாவின் முன்னாள் கவர்னர் ஏசா ஹட்சின்சனுக்கு மாநிலம் முழுவதும் 191 ஓட்டு. அதை அவர் எண்ணிப் பார்க்காமல் இருந்திருந்தால் நல்லது.

2012-இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் ரிக் சான்டோரம் இதே மாதிரி ஒரு பிக்கப் வண்டியில் 99 கவுண்டிகளையும் சுற்றி, கடைசி வாரங்களில் கிடுகிடுவென ஏறினார். காகஸ் அன்றிரவு போட்டியாளர் மிட் ராம்னி 8 ஓட்டில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். இரண்டு வாரம் கழித்து, இல்லை, சான்டோரம்தான் 34 ஓட்டில் முன்னிலை என்றார்கள். அதற்குள் நியூ ஹாம்ப்ஷயரும் முடிந்து, புகழ் முழுக்க ராம்னிக்குப் போய்விட்டது. விவேக்குக்கு அந்த மனக்குறைகூட மிஞ்சவில்லை. அன்றிரவே விலகி, டிரம்ப்புக்கு ஆதரவு என்று அறிவித்து, மறுநாள் நியூ ஹாம்ப்ஷயரில் அவர் மேடையிலேயே ஏறிவிட்டார்.

செவ்வாய் காலை என் கார் கிளம்ப மறுத்தது. பேட்டரி குளிரில் செத்திருந்தது. மோட்டல் முதலாளி ஒரு படேல். ஜம்பர் கேபிளோடு வெளியே வந்தவர், தலையில் கம்பளி, மேலே கம்பளி, அதற்கு மேல் இன்னொரு கம்பளி. நேற்று யார் ஜெயித்தது என்று நான் சொல்லத் தொடங்கினேன். "இந்த வாரம் எனக்கு ஒரு ரூம்கூடக் காலியில்லை," என்றார் அவர். "நாலு வருஷத்துக்கு ஒருமுறை வருது. வருஷா வருஷம் வந்தா நல்லா இருக்கும்." இஞ்சின் இருமி உறுமியது.

வால்காட்டில் மறுபடியும் காபிக்கு நின்றபோது அம்மா கூப்பிட்டாள்.

"என்னடா ஆச்சு? அந்தப் பையன் ஜெயிச்சானா?"

"இல்லம்மா. நாலாவதா வந்தான்."

"நாலாவதா? பரவாயில்லையே," என்றாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. குக்கர் விசில் ஒன்று கேட்டது. "எத்தனை பேர்ல?"