ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு வரும் கேள்விகள்

காலை ரவுண்ட்ஸில் சீஃப் டாக்டர் ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று, "ஏதாவது கேக்கணுமா?" என்பார். "ஒண்ணும் இல்ல சார்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். டாக்டர்கள் அடுத்த வார்டுக்குப் போய், நான் டிரஸ்ஸிங் டிராலியைத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் எல்லாரும் வாயைத் திறப்பார்கள். அரசு மருத்துவமனையின் பொது அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக இத்தனை காலம் இருந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு: கேள்வி கட்டிலில் படுத்திருப்பவரிடமிருந்து வரும், பதில் போய்ச் சேர வேண்டியவர் பெரும்பாலும் பக்கத்தில் தூக்குவாளியோடு நிற்பவர்.

சாப்பாட்டுக் கேள்வியிலேயே இது தெரிந்துவிடும். "சிஸ்டர், என்ன குடுக்கலாம்?" என்று கேட்பார்கள். ஆனால் எதையெல்லாம் கொடுக்கக் கூடாது என்று வீட்டில் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். பருப்பு சேர்த்தால் தையல் சீழ் பிடிக்கும், புளியும் எலுமிச்சையும் ஆகாது, முட்டை கூடாது, கத்தரிக்காய் அரிக்கும், தயிர் குளிர்ச்சி. இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது இட்லி, கஞ்சி, பால், பிரெட்.

குடலில் ஓட்டை விழுந்து ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு பாட்டி நல்லபடியாக வீட்டுக்குப் போனார். கொஞ்ச நாளில் வயிற்றுத் தையல் விட்டுக்கொடுத்துத் திரும்பி வந்தார். முகம் வெளுத்து, கால் வீங்கி, ரத்தத்தில் புரதம் மிகவும் குறைந்திருந்தது. மருமகள் கண் கலங்கி நின்றார். "ஒரு நாள்கூடப் பத்தியம் மீறலை சிஸ்டர். பிரெட்டும் பாலும் தவிர எதுவும் குடுக்கலை" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. அத்தனை அக்கறையோடு பட்டினி போட்டிருந்தார்.

அன்று அவரிடம் சொன்னதைத்தான் இன்றும் எல்லாரிடமும் சொல்கிறேன். சீழ் பருப்பினால் வருவதில்லை, கிருமியினால் வருகிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் அந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம். வெட்டிய இடத்தை உடம்பு மறுபடி நெய்து எடுக்கப் புரதம் வேண்டும்; அந்த நெசவுக்கு வைட்டமின் சி வேண்டும். வைட்டமின் சி அடியோடு இல்லாமல் போனால் எப்போதோ ஆறிய பழைய தழும்புகூடத் திறந்துகொள்ளும் என்று நாங்கள் பாடத்தில் படித்திருக்கிறோம். அதனால் டாக்டர் வாய்வழிச் சாப்பாட்டுக்கு அனுமதி கொடுத்த பிறகு முட்டை, பருப்பு, மீன், கொய்யா, நெல்லிக்காய் எல்லாம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொடுக்க வேண்டும்.

பத்தியத்தைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே ஒன்றும் செய்ய முடியாமல் நின்ற குடும்பத்துக்கு, தன் கையால் செய்யக்கூடிய ஒரே காரியம் அதுதான். அதைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது, திருப்பிவிட வேண்டும். "பத்தியம் கட்டாயம் உண்டு அக்கா, பீடி கூடாது, புகையிலை கூடாது" என்று சொல்லிப் பாருங்கள். அந்த அக்கா டாக்டரைவிடக் கண்டிப்பாகக் காவல் காப்பார். புகைத்தால் புண்ணுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைகிறது. இருமல் வேறு வந்து வயிற்றுத் தையலை இழுக்கிறது.

ஆபரேஷனுக்கு முன்னால் ஏன் வெறும் வயிறு என்பதையும் சமைக்கிறவருக்கே சொல்ல வேண்டும். விடியற்காலையில் "பாவம், தொண்டை காயுது" என்று அரை டம்ளர் டீ கொடுத்துவிடுவார்கள். டீ தண்ணீர் மாதிரிதான் என்பது அவர்கள் எண்ணம். பால் கலந்துவிட்டால் அது சாப்பாட்டுக் கணக்கு, 6 மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீருக்குப் பொதுவாக 2 மணி நேரம். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. இந்தக் காரணத்தை ஒரு முறை சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் டீ கொடுப்பதில்லை. "ஒண்ணும் குடுக்காதீங்க" என்று அதட்டிவிட்டுப் போனால்தான் கொடுக்கிறார்கள்.

வயிற்று ஆபரேஷன் முடிந்த மறுநாள் நாங்கள் கேட்கும் கேள்விக்கு அவர்கள் கூச்சப்படுவார்கள்: "கேஸ் பிரிஞ்சுதா?" குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கியதற்கு அது நல்ல அடையாளம். முன்பெல்லாம் அதுவரை வாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் விரைவாக எழுப்பி நடக்கவிடுவது, விரைவாகச் சாப்பிடவிடுவது என்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். அது மெல்ல மெல்ல எங்கள் வார்டு வரை வந்திருக்கிறது. நோயாளியை மறுநாளே எழுப்பி உட்கார வைத்தால் சொந்தக்காரர்களுக்குக் கோபம் வரும். "பச்சைத் தையலோட நடக்கச் சொல்றீங்களே, நியாயமா?" என்பார்கள். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம், நெஞ்சில் சளி கட்டலாம் என்று விளக்குவேன். இருமும்போது மடித்த துண்டை வயிற்றின்மேல் வைத்து அழுத்திப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பேன். அந்தத் துண்டு கைக்கு வந்ததும் பாதி பயம் போய்விடும்.

ஆபரேஷனுக்காக இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் முதுகு வலிக்குமா என்பது பெண்கள் வார்டின் நிரந்தரக் கேள்வி. குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கும். சிலருக்கு உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறையும் ஒரு தலைவலி வரும். அதை உடனே சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலிக்கு அந்த ஊசி காரணம் இல்லை. பித்தப்பைக் கல்லுக்கு வந்தவர்கள், "கல்லை மட்டும் எடுத்துட்டுப் பையை விட்டுடலாமே" என்பார்கள். கல் உருவாவது அந்தப் பையில்தான். விட்டுவைத்தால் மறுபடி உருவாகும். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், பை வெறும் சேமிப்புக் கிடங்கு. சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் முடிந்து தோள்பட்டை வலித்தால் வயிற்றில் நிரப்பிய வாயுதான் காரணம், இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும்.

ஆண்கள் வார்டில் பெரிய கேள்வி வேலை. குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைத்த ஒரு லோடுமேன் அண்ணன், தையல் பிரித்த அன்றே, "திங்கக்கிழமை போகலாமா?" என்றார். வெளித்தோல் ஒட்டிவிட்டது, கண்ணுக்கு ஆறின மாதிரிதான் இருக்கும். ஆனால் 3 வாரம் ஆன காயத்துக்குப் பழைய பலத்தில் ஏறக்குறைய கால்வாசிதான் இருக்கும்; மாதக்கணக்கில் ஆறினாலும் 80 சதவீதத்தைத்தான் எட்டும். நடக்கலாம், வலி விட்டதும் வழக்கமான வேலைகளைப் பார்க்கலாம். 50 கிலோ சிமெண்ட் மூட்டை தூக்குகிறவர்களிடம் மட்டும் எங்கள் டாக்டர்கள் கூடுதலாகச் சில வாரம் கேட்பார்கள். வீட்டில் அரிசி இல்லாதவரிடம் ஓய்வெடுங்கள் என்று டிஸ்சார்ஜ் அன்று சொல்லிப் பயனில்லை. அதனால் அட்மிஷன் அன்றே அவர் மனைவியையும் உட்கார வைத்து, அதுவரை செலவுக்கு என்ன வழி, மேஸ்திரியிடம் கணக்கு எழுதுகிற மாதிரி லேசான வேலை கேட்க முடியுமா என்று பேசிவிடுகிறேன். அவசரம் இல்லாத குடலிறக்கம் என்றால், வேலை குறைந்த மாதமாகப் பார்த்து டாக்டரிடம் தேதி கேட்கச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழிக்கும் கேள்வி மார்பில் கட்டியோடு வரும் பெண்களுடையது. "கத்தி வச்சா பரவிடும்னு சொல்றாங்களே சிஸ்டர்." அவர்கள் ஊரில் யாரோ ஒருவர் ஆபரேஷன் செய்துகொண்டு சில மாதங்களில் இறந்திருப்பார். அவர் ஏற்கெனவே நோய் பரவிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊசி வைத்துத் திசு எடுத்துப் பார்த்தால்தான் அது என்ன கட்டி என்றே தெரியும். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயே இல்லை. புற்றுநோயாகவே இருந்தாலும், சிறியதாக இருக்கும்போது வந்தால் மார்பகத்தை முழுதாக எடுக்காமலே சிகிச்சை செய்யப் பல நேரம் வழியிருக்கிறது. இந்தப் பதிலை நின்றபடி சொல்ல எனக்கு மனம் வராது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்வேன். "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்றால் அந்த வீட்டில் யாரிடம் கேட்கப் போகிறார் என்று விசாரிப்பேன். கணவர், மாமியார், அண்ணன், யாராக இருந்தாலும் சரி, அங்கேயே போன் போடச் சொல்லி, நானே பேசி, திசு எடுக்கும் தேதியை ஓபி சீட்டில் எழுதி வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்புகிறேன்.