சீட்டுக் கணக்கிலிருந்து பங்குச்சந்தைக்கு

பங்குச்சந்தையை மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது ஆபத்தானது என்று ஆசிரியர்களில் சிலர் கருதுகிறார்கள். நாகர்கோவிலில் முதுகலை வணிகவியல் படித்துக்கொண்டு, வாரத்தில் ஒரு மாலை இளநிலை மாணவர்களோடு அமர்ந்து இதைப் பற்றிப் பேசிவருபவள் என்ற முறையில், அந்த அச்சத்தில் பாதியைத்தான் நான் ஏற்கிறேன். எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்வதற்குச் சக மாணவர் தகுதியானவர் அல்லர். ஆனால், கணக்குப் புரியவில்லை என்று கூச்சமில்லாமல் சொல்வதற்கு அவரைவிட ஏற்ற ஆள் கிடைக்கமாட்டார்.

குமரி மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் சீட்டுப் புத்தகமும் நகைக்கடன் ரசீதும் ஒரே பீரோவில்தான் இருக்கும். அதனால் நாங்கள் பங்கை விட்டுவிட்டு ஏலச்சீட்டில் தொடங்கினோம். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், மொத்தம் ஒரு லட்சம். ஏலத்தில் ஒருவர் 25,000 ரூபாயைத் தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, எடுத்தால் அவர் கைக்கு 75,000 வரும். தள்ளிய தொகையில் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக, மீதி ஆளுக்கு ஆயிரமாகப் பிரிந்து, அந்த மாதத் தவணை 4,000 ஆகக் குறையும். இதைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் முதலாண்டு மாணவி ஒருத்தி, "அக்கா, எங்க அம்மா மூணாவது மாசமே எடுத்தாங்க. அப்போ அது சேமிப்பா, கடனா?" என்று கேட்டாள். முன்கூட்டி எடுப்பவருக்கு அது கடன், கடைசி வரை காத்திருப்பவருக்குச் சேமிப்பு. இரண்டுக்கும் ஆண்டு வட்டி விகிதத்தை எக்செல்லில் போட்டுப் பார்த்தபின், பரஸ்பர நிதியில் மாதாமாதம் ஒரு தொகையைப் போட்டுவரும் எஸ்.ஐ.பி.யின் முதல் தவணைக்கும் கடைசித் தவணைக்கும் ஒரே கால அளவை வைத்து வருவாய் கணக்கிட முடியாது என்பதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஆண்டறிக்கை படிக்க எங்களுக்கு ரப்பர் உதவியது. குலசேகரம் பக்கமிருந்து வரும் மாணவனுக்கு, ரப்பர் வாரியம் வெளியிடும் ஆர்.எஸ்.எஸ். 4 என்ற தர ரப்பர் ஷீட்டின் விலை வீட்டில் தினமும் அடிபடும் பேச்சு. அவனிடம் ஒரு டயர் நிறுவனத்தின் அறிக்கையைக் கொடுத்தபோது, அவன் விற்பனையையும் லாபத்தையும் தாண்டி நேராக மூலப்பொருள் செலவுக்குப் போனான். ஷீட் விலை சரிந்தால் தன் தந்தைக்கு வரும் நட்டம் நிறுவனத்துக்கு லாபமாகலாம் என்று அவனே கண்டுகொண்டான்; டயரில் சேரும் செயற்கை ரப்பரும் கார்பன் கரியும் கச்சா எண்ணெயோடு பிணைந்தவை என்பதால் அந்தக் கணக்கு அவ்வளவு நேரானது அல்ல என்பதை மட்டும் நாங்கள் சேர்த்துச் சொன்னோம்.

பங்கைக் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தமான ஆப்ஷனில் ஒரே நாளில் சம்பாதித்ததாக ஸ்கிரீன்ஷாட் காட்டுபவர்களும் வருவார்கள். தரகு நிறுவனம் தரும் முழு ஆண்டு லாப நட்ட அறிக்கையைக் காட்டச் சொன்னால் பேச்சு பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பின்னாளில் தீரும் இத்தகைய ஒப்பந்தங்களான பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்ததாக, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பங்குச்சந்தைக் கல்வி மட்டும் தருவோர் கடைசி மூன்று மாத விலைத் தரவைப் பயன்படுத்தக்கூடாது என்ற நிபந்தனையையும் அதே அமைப்பு 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. நாங்கள் கட்டணம் வாங்கும் பயிற்சி நிலையம் அல்ல என்றாலும், பழைய விலைகளை மட்டும் வைத்தே பேசுவது என்பதை எங்கள் விதியாக்கிக்கொண்டோம்; "இப்போ வாங்கலாமா?" என்ற கேள்வி அதன்பின் வெகுவாகக் குறைந்தது.

இப்போது எங்களிடையே தீராமல் இருப்பது கல்விக்கடன் பற்றிய வாதம். படிப்புக் காலத்தில் சேரும் வட்டி, தவணை தொடங்கும்போது பொதுவாக அசலோடு சேர்க்கப்படும். பகுதிநேர வேலையில் மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பவர் அதை எஸ்.ஐ.பி.யில் போடுவதைவிட வட்டியைக் கட்டிவிடுவது நல்லது என்பது என் கருத்து, ஏனென்றால் கட்டாமல் விட்டால் வளரும் வட்டி நிச்சயம், சந்தையின் வருவாய் நிச்சயமல்ல. மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை; வட்டி மானியம் கிடைக்கும் கடனுக்கு இந்தக் கணக்கே மாறிவிடும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கடன் வாங்கியவர்கள் எல்லாரும் அடுத்த வாரம் தங்கள் வங்கி அனுமதிக் கடிதத்தைக் கொண்டுவரட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.